நர்சிங் பட்டம் பெற்றவருக்கு முதல் வேலை: படித்த மாநிலத்திலா, வேறு மாநிலத்திலா?

அமெரிக்காவில் நர்சிங் படிப்பை முடிக்கும் நிலையில் இருப்பவர்கள் கடைசி செமஸ்டரில் எடுக்கும் முடிவுகளில், முதல் வேலையை எந்த மாநிலத்தில் தொடங்குவது என்ற முடிவுதான் மிகக் குறைந்த தகவலை வைத்துக்கொண்டு எடுக்கப்படுகிறது. கலிபோர்னியாவில் சம்பளம் அதிகம், டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, நியூயார்க்கில் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன என்று காதில் விழும் ஒற்றை வரிகள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் ஒன்றுகூடப் புதிதாகப் பட்டம் பெற்றவரின் முதல் பன்னிரண்டு மாதங்கள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்வதில்லை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் உங்களை யார் பழக்கப்போகிறார், எத்தனை வாரங்கள் பழக்கப்போகிறார், அதன்பின் எத்தனை நோயாளிகளை உங்கள் பொறுப்பில் விடப்போகிறார்கள் என்ற மூன்றுக்கும் கிடைக்கும் பதிலே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். மாநிலத்தின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

ஒப்பிட வேண்டிய வழிகள் மூன்று. படித்த மாநிலத்திலேயே ஓரிரு ஆண்டுகள் பணியாற்றிவிட்டுப் பிறகு இடம்பெயர்வது முதல் வழி. மாநிலங்களுக்கு இடையேயான உரிம ஒப்பந்தத்தில், அதாவது எல்லோரும் 'காம்பாக்ட்' என்று அழைக்கும் ஏற்பாட்டில், உறுப்பினராக உள்ள வேறொரு மாநிலத்துக்கு உடனே செல்வது இரண்டாவது. அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் போன்ற மாநிலத்துக்கு உடனே செல்வது மூன்றாவது.

உரிமத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தேவையற்ற அச்சமும் தேவையற்ற துணிச்சலும் ஒருசேரக் காணப்படுவது இங்கேதான். செவிலியர் உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வு நாடு முழுவதும் ஒன்றே. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். தேர்ச்சிக்கான அளவுகோல் எந்த மாநிலத்துக்கும் மாறுவதில்லை. எந்த மாநிலத்தின் செவிலியர் வாரியத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறீர்களோ, அந்த வாரியம்தான் உங்களைத் தேர்வு எழுத அனுமதிக்கிறது, முடிவும் அதற்கே செல்கிறது. தேர்வு எழுதும் மையம் மட்டும் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே ஒஹையோவில் படித்த ஒருவர் கலிபோர்னியா வாரியத்தில் விண்ணப்பித்துவிட்டு, தம் வீட்டுக்கு அருகிலுள்ள மையத்திலேயே தேர்வை எழுதலாம். படித்த மாநிலத்தில் உரிமம் பெற்று, பிறகு அதை இன்னொரு மாநிலத்தின் ஒப்புதலுக்கு அனுப்பும் சுற்றுவழி கட்டாயமில்லை. போகும் இடம் உறுதியாகிவிட்டது என்றால், அந்த வழியில் இரண்டு கட்டணமும் இரண்டு காத்திருப்புமே மிச்சம்.

காம்பாக்ட் ஏற்பாட்டைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் ஒரே இடத்தில் பிறக்கின்றன. பல மாநிலங்களில் செல்லுபடியாகும் உரிமத்தைப் பெறும் தகுதி நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பதையோ எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்பதையோ பொறுத்ததல்ல. சட்டப்படி உங்கள் முதன்மை வசிப்பிடம் எது என்பதைப் பொறுத்தது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, மத்திய வருமான வரிப் படிவத்தில் உள்ள முகவரி போன்றவை அதற்குச் சான்றுகள். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் இந்த ஒப்பந்தத்தை ஏற்றிருப்பதால், அத்தகைய மாநிலம் ஒன்றில் வசிப்பவர் தம் சொந்த மாநில வாரியத்திலேயே பல மாநில உரிமத்தைப் பெற்று, மற்றோர் உறுப்பு மாநிலத்தில் உடனே பணியில் சேரலாம். குடிபெயர்ந்துவிட்டால் 60 நாட்களுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது; அந்த விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை பழைய உரிமத்தை வைத்தே வேலை செய்யலாம். இதற்கு மாறாக, இல்லினாயில் வசிக்கும் ஒருவர் டெக்சாஸில் விண்ணப்பித்தால், அவர் டெக்சாஸ் வாசியாகும் வரை கிடைப்பது டெக்சாஸில் மட்டும் செல்லும் ஒற்றை மாநில உரிமமே. டெக்சாஸ் மருத்துவமனையில் வேலை செய்ய அதுவே போதும் என்பதால் அவர் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒஹையோவின் பல மாநில உரிமத்தோடு கலிபோர்னியாவுக்குக் குடியேறுபவரின் நிலைதான் கடினம். அந்த உரிமம் அங்கே செல்லாது. வசிப்பிடம் மாறியதும் அது ஒஹையோவுக்கு மட்டுமான உரிமமாகச் சுருங்கியும் விடும்.

இவற்றோடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நிபந்தனைகள் உண்டு. டெக்சாஸ், தன் நர்சிங் சட்டங்களைப் பற்றிய தனித் தேர்வு ஒன்றில் தேறிய பிறகே உரிமம் வழங்குகிறது. நியூயார்க், குழந்தைகள் மீதான வன்முறையை அடையாளம் கண்டு தெரிவிப்பது பற்றியும் தொற்றுக் கட்டுப்பாடு பற்றியும் பயிற்சி முடித்த சான்றைக் கேட்கிறது. கலிபோர்னியாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் கைரேகையை அட்டையில் பதிந்து அனுப்பலாம். ஆனால் மாநிலத்துக்குள் மின்னணு முறையில் பதிவதைவிட அது மெதுவாகவே நகரும். பல மாநில உரிமத்துக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயம் என்பதை, துணைவரின் விசாவில் வந்து இங்கே நர்சிங் படிப்பவர்கள் படிப்பு முடிவதற்கு வெகு முன்பே கவனிக்க வேண்டும். இவை எல்லாமே நேரத்தையும் பணத்தையும் கேட்பவை. ஆனால் யாருடைய வழியையும் நிரந்தரமாக அடைப்பவை அல்ல. உரிமச் சிக்கலைக் காரணம் காட்டி நல்ல வேலையை மறுப்பதையும், உரிம வசதியைக் காரணம் காட்டி மோசமான வேலையை ஏற்பதையும் நான் ஒரே தவறாகத்தான் கருதுகிறேன்.

திரும்பப் பெற முடியாதது ஒன்று உண்டு. அதுதான் 'நியூ கிராஜுவேட்' என்ற தகுதி. புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கென மருத்துவமனைகள் நடத்தும் ரெசிடென்சி திட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டு நீள்பவை. தொடக்க வாரங்களில், புதியவரைப் பழக்கும் அனுபவமுள்ள செவிலியரான ஒரு ப்ரிசெப்டரின் கூடவே ஷிப்ட் பார்ப்பது, பிறகு தனியாக நோயாளிகளைப் பொறுப்பேற்றாலும் மாதந்தோறும் வகுப்புக்கும் கலந்துரையாடலுக்கும் கூடுவது என்ற அமைப்பு அவற்றில் இருக்கும். இத்திட்டங்களில் சேர, பதிவு பெற்ற செவிலியராக வேலை செய்த அனுபவம் ஓராண்டுக்கும், சில இடங்களில் ஆறு மாதங்களுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இந்த இடத்தில்தான் முதல் வழியின் மறைமுகமான விலை தெரிகிறது. 'இங்கேயே எட்டு மாதம் ஏதாவது ஒரு வேலையைப் பார்ப்போம், பிறகு போவோம்' என்று நினைப்பவர், எட்டு மாதம் கழித்து இரண்டு கதவுகளுக்கும் வெளியே நிற்க நேரலாம்: ஆறு மாத வரம்புள்ள ரெசிடென்சிக்கு அவருடைய அனுபவம் அதிகம், அனுபவமுள்ளவர்களுக்கான பணியிடத்துக்கு அது குறைவு. அதிலும் அந்த எட்டு மாதங்கள் அவர் விரும்பும் துறையோடு தொடர்பில்லாத ஒரு கிளினிக்கில் கழிந்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும்.

ஆகவே படித்த மாநிலத்தில் தங்குவதென்றால் முழுதாகத் தங்க வேண்டும். ஒரு நல்ல ரெசிடென்சியை அங்கேயே முடித்து, அதே பிரிவில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நின்று, அதன்பின் அனுபவமுள்ள செவிலியராக இடம்பெயர்வது மிக உறுதியான வழி. கிளினிக்கல் பயிற்சிக்குப் போன மருத்துவமனையிலேயே வேலை கிடைப்பவருக்கு இதன் மதிப்பு இன்னும் கூடுதல். மின்னணுப் பதிவேட்டு முறை, மருந்து அலமாரி, இரவில் அழைத்தால் எந்த மருத்துவர் எப்படிப் பேசுவார் என்பது வரை பாதி தெரிந்த நிலையில் அவர் தொடங்குகிறார். முதல் மாதங்களில் மனத்தை அரிக்கும் சிறு சிறு அறியாமைகள் அவருக்குக் குறைகின்றன. மாணவராக இருக்கும்போதே அந்தப் பிரிவில் உதவியாளராக வேலை செய்தவர் என்றால், மேலாளர் அவரை நேர்முகத்துக்கு முன்பே அறிவார். தொலைவிலுள்ள மாநிலத்தில் விண்ணப்பிப்பவருக்கு இந்த அறிமுகம் எதுவும் இல்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைப் போல அந்த ஊர்க் கல்லூரிகளின் பட்டதாரிகளே ஒவ்வோர் இடத்துக்கும் போட்டியிடும் பகுதிகளில், வெளியிலிருந்து வருபவர் இந்தக் குறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். அதே கலிபோர்னியாவில் மத்தியப் பள்ளத்தாக்கின் ஊர்களில் அத்தனை நெரிசல் இல்லை.

அடுத்தது நோயாளி எண்ணிக்கை. ஒப்பீட்டில் இதற்கே நான் அதிக எடை தருகிறேன். ஒரு செவிலியரின் பொறுப்பில் அதிகபட்சம் எத்தனை நோயாளிகள் இருக்கலாம் என்பதை மருத்துவமனை முழுமைக்கும் சட்டமாக்கிய முதல் மாநிலம் கலிபோர்னியா. 1999-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 2004-இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேருக்கு ஒருவர், அவசரப் பிரிவில் நான்கு பேருக்கு ஒருவர், பொது மருத்துவ-அறுவைப் பிரிவில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற வரம்பு எல்லா நேரத்துக்கும் பொருந்தும். ஒருவர் உணவு இடைவேளைக்குச் செல்லும்போதும் அது மீறப்படக்கூடாது. ஓரிகன் 2023-இல் தன் சட்டத்தில் இத்தகைய வரம்புகளைச் சேர்த்தது. மாசசூசெட்ஸில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் வரம்பு உண்டு. எல்லாப் பிரிவுகளுக்கும் அதை விரிவாக்கும் முன்மொழிவை 2018-இல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். பெரும்பாலான மாநிலங்களில் எண்ணிக்கை மருத்துவமனையின் முடிவுக்கே விடப்பட்டிருக்கிறது.

இது வசதி சார்ந்த விஷயம் மட்டுமல்ல. பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்து செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு செவிலியருக்குக் கூடும் ஒவ்வொரு நோயாளியோடும், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வது காணப்பட்டது. அந்தக் கூடுதல் நோயாளியைப் பத்து ஆண்டு அனுபவமுள்ளவர் தாங்கிக்கொள்வதற்கும், மருந்துகளின் பெயரை இன்னும் இருமுறை சரிபார்த்துக்கொண்டிருக்கும் புதியவர் தாங்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்து பேரைக் கவனிக்கும்போது ஒருவருடைய சுவாசம் மெல்ல மாறுவதைக் கண்டுபிடிக்கும் கண், ஏழு பேரைக் கவனிக்கும்போது மாத்திரை நேரத்தைத் துரத்துவதிலேயே செலவாகிவிடுகிறது. நோயாளியைப் பார்த்து ஊகிக்கும் திறன் வளர வேண்டிய ஆண்டில் அது வளராமல் போனால், அந்த இழப்பை ஊதியத்தால் ஈடுகட்ட முடியாது.

வரம்பு இல்லாத மாநிலம் என்றதும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. டெக்சாஸில் அப்படிப்பட்ட எண்ணிக்கைச் சட்டம் கிடையாது. ஆனால் பாதுகாப்பற்ற பொறுப்பு ஒன்று ஒப்படைக்கப்படும்போது 'சேஃப் ஹார்பர்' என்ற ஏற்பாட்டின்கீழ் அதை எழுத்தில் பதிவு செய்யும் உரிமை அங்குள்ள செவிலியருக்குச் சட்டப்படி உண்டு. அது வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கையிலிருந்தும் மருத்துவமனையின் பழிவாங்கலிலிருந்தும் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆனால் பணியில் சேர்ந்த மூன்றாம் மாதத்தில், பிரிவின் பொறுப்பாளரிடம் நின்று அந்த உரிமையைக் கோரும் துணிவு எத்தனை பேருக்கு வரும் என்பதே கேள்வி. கேட்டுப் பெற வேண்டிய பாதுகாப்பைவிட, கேட்காமலே நடைமுறையில் இருக்கும் வரம்பு புதியவருக்கு மேலானது என்பது என் கருத்து. அதே வேளையில், டெக்சாஸிலோ வட கரோலினாவிலோ உள்ள ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை தன் பொதுப் பிரிவில் நான்கு அல்லது ஐந்து நோயாளிகளுக்கு மேல் கொடுப்பதில்லை என்று அங்கு வேலை செய்பவர்களே சொன்னால், மாநிலச் சட்டத்தைவிட அந்தப் பிரிவின் வழக்கமே உங்களுக்கு முக்கியம்.

பணத்தைப் பொறுத்தவரை, மாநிலச் சராசரிகள் கண்ணைக் கவர்கின்றன. 2023-ஆம் ஆண்டின் மத்திய தொழிலாளர் புள்ளிவிவரப்படி பதிவு பெற்ற செவிலியரின் ஆண்டுச் சராசரி ஊதியம் கலிபோர்னியாவில் சுமார் 1,37,000 டாலர். தெற்கு டகோட்டாவில் 70,000 டாலருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் இந்தச் சராசரியில் இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் அடக்கம் என்பதால், புதியவரின் முதல் சம்பளச் சீட்டில் இதை எதிர்பார்க்க முடியாது. டெக்சாஸ், புளோரிடா, டென்னசி, வாஷிங்டன் ஆகியவை ஊதியத்தின் மீது மாநில வருமான வரி விதிப்பதில்லை என்பது உண்மையே. அதனால் கிடைக்கும் மிச்சத்தைச் சியாட்டில் வாடகை எளிதில் விழுங்கிவிடும். இடம்பெயரும் செலவுக்கு மருத்துவமனை தரும் தொகை ஊதியமாகவே கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படும். 2018 முதல் இடம்பெயரும் செலவை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளும் சலுகையும் பெரும்பாலானோருக்கு இல்லை. ஆகவே பத்தாயிரம் டாலர் என்று கடிதத்தில் இருந்தால் கையில் வருவது பத்தாயிரமாக இருக்காது. படித்த ஊரில் பெற்றோர் வீட்டிலிருந்தே வேலைக்குச் செல்லக்கூடியவர், ஓராண்டு வாடகையைச் சேமித்துக் கல்விக்கடனை அடைக்க முடியும் என்றால், அந்தத் தொகையையும் சம்பள வேறுபாட்டுக்கு எதிரே எழுதிப் பார்க்க வேண்டும்.

கல்விக்கடன் பெரிதாக இருப்பவர்கள் 'நர்ஸ் கோர்' என்ற மத்திய அரசுத் திட்டத்தை அறிந்திருக்க வேண்டும். செவிலியர் பற்றாக்குறை கடுமையாக உள்ளதாக அறிவிக்கப்பட்ட மருத்துவ நிலையத்தில் இரண்டு ஆண்டுகள் பணிபுரியத் தேர்வானால், தகுதியுள்ள கடனில் 60 சதவீதத்தை அது அடைக்கிறது. மூன்றாம் ஆண்டு தொடர அனுமதி கிடைத்தால் மேலும் 25 சதவீதம். இடம் உறுதியல்ல, போட்டி உண்டு. என்றாலும் யாரும் பெயர் கேட்டிராத ஒரு மாநிலத்தின் சிற்றூர் மருத்துவமனையை, பெருநகர மருத்துவமனையோடு சமமாக வைத்துப் பார்க்க இது ஒரு நியாயமான காரணம்.

சேர்க்கை ஊக்கத்தொகை, ரெசிடென்சி ஆகியவற்றோடு வரும் ஒப்பந்தத்தை மட்டும் அவசரமாகப் படிக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டு, இடையில் விலகினால் குறிப்பிட்ட தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அந்தத் தொகை பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்பக் குறையுமா, அல்லது இருபத்து மூன்றாம் மாதத்தில் விலகினாலும் முழுவதுமாகக் கேட்கப்படுமா என்று பார்க்க வேண்டும். அதே மருத்துவமனையின் வேறு பிரிவுக்கு மாறினால் ஒப்பந்தம் மீறப்பட்டதாகுமா, பயிற்சிக்காலத்தில் அவர்களே விடுவித்தால் தொகை யாருடைய பொறுப்பு, வாரத்துக்கு 36 மணி நேரத்திலிருந்து குறைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பனவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். சொந்த ஊரில் இத்தகைய ஒப்பந்தம் ஒரு சிரமம் மட்டுமே. தெரிந்தவர் யாருமில்லாத மாநிலத்தில், ஓராண்டு வாடகை ஒப்பந்தத்தோடு சேர்ந்து நிற்கும்போது, தாங்க முடியாத பிரிவிலிருந்து வெளியேறும் ஒரே வழியை அது அடைத்துவிடக்கூடும். இத்தகைய விதிமுறையோடு தொலைவுக்குச் செல்பவர், திருப்பித் தர வேண்டிய தொகைக்கு ஈடான சேமிப்பு சேரும்வரை ஊக்கத்தொகையைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துடன் வெளிவருபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நியூயார்க்கில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, புதிதாக உரிமம் பெறுபவர்கள் பத்து ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டத்தை முடிக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் சட்டம் இல்லாவிட்டாலும், செவிலியர் பணியின் தரத்துக்காக வழங்கப்படும் 'மாக்னெட்' அங்கீகாரத்தைப் பெற்ற மருத்துவமனைகள் பெரும்பாலும் இளநிலைப் பட்டதாரிகளையே முதலில் பார்க்கின்றன. இவர்களுக்குப் படித்த ஊரின் மருத்துவமனையில் சேர்ந்து, அதன் கட்டண உதவியோடு இளநிலைப் பட்டத்தை முடித்துவிட்டுப் புறப்படுவது பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும்.

பேசித் தேற நண்பரோ உறவினரோ அருகில் வேண்டும் என்ற காரணத்தைச் சிலர் பலவீனமாக எண்ணி வெளியே சொல்வதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரவுப் பணி, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். முதல் முறையாகத் தம் பொறுப்பில் இருந்த ஒருவர் இறந்த இரவுக்குப் பின், காலை எட்டு மணிக்கு வீடு திரும்புபவர் யாரிடம் பேசுவார் என்பது திட்டமிட வேண்டிய விஷயம்தான். அந்த ஊரில் ஒரு நண்பர் இருந்தாலும் போதும், சேர்ந்து தொடங்கும் ரெசிடென்சி குழு ஒன்று இருந்தாலும் போதும்; இரண்டும் இல்லாத இடத்துக்குத் தனியாகச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இப்படி அமைகிறது. படித்த மருத்துவமனையிலேயே நல்ல ரெசிடென்சி கிடைத்தவர், வேறு காரணம் இல்லாவிட்டால், அதை விட்டுச் செல்லத் தேவையில்லை. காம்பாக்ட் மாநிலத்தில் வசித்து, விரும்பிய துறையில் ஓராண்டு ரெசிடென்சி வேறொரு காம்பாக்ட் மாநிலத்தில் கிடைத்தவர் தயங்காமல் செல்லலாம். அவருடைய முன் உள்ள தடைகள் மிகக் குறைவு. கலிபோர்னியா போகும் எண்ணம் நிரந்தரமாகக் குடியேறுவதற்கானது என்றால், உரிமத்துக்கு நேரடியாக அந்த வாரியத்திலேயே விண்ணப்பித்து, சில மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு செல்வது தகும். சட்டம் தரும் வரம்புக்குள் கற்பது அந்தக் காத்திருப்புக்கு ஈடானது. ஓரிரு ஆண்டுகள் ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் என்றால், அனுபவம் சேர்ந்த பிறகு, குறுகிய கால ஒப்பந்தத்தில் ஊர் மாறி வேலை செய்யும் டிராவல் நர்ஸாக அதே ஊருக்குச் செல்லும் வாய்ப்பு காத்திருக்கிறது. ஆனால் டிராவல் நர்ஸ்களை அமர்த்தும் நிறுவனங்கள் ஓராண்டு அல்லது இரண்டாண்டு அனுபவம் இல்லாதவரைப் பொதுவாக எடுப்பதில்லை.

கால அட்டவணையையும் கவனிக்க வேண்டும். ரெசிடென்சி குழுக்களுக்கான விண்ணப்பங்கள் பட்டமளிப்புக்குப் பல மாதங்கள் முன்பே திறந்து, சில வாரங்களிலேயே மூடப்படுகின்றன. கலிபோர்னியாவின் பல திட்டங்கள் விண்ணப்பிக்கும்போதோ பணியில் சேரும் நாளுக்கு முன்போ அம்மாநில உரிமம் கையில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே மே மாதத்தில் பட்டம் பெறுபவர் டிசம்பரிலேயே இந்தத் தேதிகளைத் தொகுக்கத் தொடங்க வேண்டும். நேர்முகத்தில் மாநிலத்தைப் பற்றியோ ஊரைப் பற்றியோ கேட்பதைவிட, ப்ரிசெப்டருடன் எத்தனை வாரங்கள், அந்த வாரங்களில் ஒரே ப்ரிசெப்டரா அல்லது நாளுக்கு ஒருவரா, தனியாகப் பொறுப்பேற்ற பின் இரவுப் பணியில் வழக்கமாக எத்தனை நோயாளிகள், சென்ற ஆண்டு சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே பிரிவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால், அந்தப் பிரிவில் ஒரு ஷிப்டின் சில மணி நேரமாவது உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள்; அதற்காகும் விமானக் கட்டணம், இந்த முடிவுக்காக நீங்கள் செய்யும் செலவுகளில் மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.